உஷார்! மின்சார வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், கம்பெனி நிலைக்குமா என்று பாருங்கள்

தேனி, அல்லிநகரம், போடி, சின்னமனூர், கம்பம் பக்கம் யாராவது இந்த வாரம் மின்சார ஸ்கூட்டருக்கோ காருக்கோ அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்தால், தயவுசெய்து ஒரு நாள் பொறுங்கள். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், என்ன கலர், தவணை எவ்வளவு என்று எல்லாம் விசாரித்திருப்பீர்கள். அந்த வண்டியைச் செய்கிற கம்பெனி இன்னும் ஐந்து வருடம் கழித்தும் கடையைத் திறந்து வைத்திருக்குமா என்று விசாரித்தீர்களா? விசாரிக்காமல் வாங்கிய பலர் இன்று வண்டியை வீட்டோரம் நிறுத்திவிட்டு, தவணையை மட்டும் மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மின்சார வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேனி நேரு சிலை சிக்னலில் பஸ்ஸும் லாரியும் கக்கும் புகைக்கு நடுவே தினமும் நிற்கிறவன் நான். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம், இந்தக் காற்றில் கிடைக்கும் மின்சாரத்தில் நம் வண்டிகள் ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறவன். அதனால்தான் இவ்வளவு பதற்றம். ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட குடும்பம் மறுபடி இந்த வண்டிகளின் பக்கமே வராது.

பெட்ரோல் வண்டிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் புகையில் இல்லை, ரிப்பேரில் இருக்கிறது. யெஸ்டி பைக் செய்த மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1996-ல் மூடப்பட்டது. அதற்குப் பின்னும் பல வருடங்கள் அந்த பைக்குகள் ஓடின. லேத்தில் கடைந்து பாகம் செய்யவும், வேறு வண்டியின் சாமானை மாற்றிப் பொருத்தவும் ஊருக்கு ஊர் மெக்கானிக் இருந்தார். மின்சார வண்டியில் அந்த வழி அடைபட்டுவிட்டது. பேட்டரிக்குள் ஒரு கன்ட்ரோல் போர்டு, மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலர், இரண்டையும் இணைக்கும் சாஃப்ட்வேர், அதைத் திறக்கக் கம்பெனியின் லேப்டாப், அந்த லேப்டாப்புக்குக் கம்பெனியின் சர்வர். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் நம் ஊர் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்க வேண்டும். வண்டியின் ஆயுள் இரும்பைப் பொறுத்து இல்லை. கம்பெனியின் ஆயுளைப் பொறுத்து இருக்கிறது.

அல்லிநகரத்தில் எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மார்க்கெட்டுக்குப் போய்வர ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். தகரக் கொட்டகையின் கீழ் இப்போது அது நிற்கிறது. சீட்டின் மேல் வெங்காயச் சாக்கு. ஹேண்டில்பாரில் பிள்ளைகளின் யூனிஃபார்ம் காய்கிறது. சாவியைத் திருப்பினால் திரை எரிகிறது, ஒரு எச்சரிக்கைக் குறி வருகிறது, அவ்வளவுதான், சக்கரம் நகராது. "என்னண்ணே, கம்பெனியில கேட்டீங்களா?" என்றேன். "யார்ட்ட கேக்க தம்பி? வித்தவன் கடையக் காலி பண்ணிட்டான். போன் போட்டா இந்தியில ஏதோ சொல்லி வச்சிர்றான். மதுரைக்குக் கொண்டு வாங்கன்னாங்க. குட்டியானை வாடகை யாரு குடுக்கறது?" என்றார். இன்னும் பதினான்கு தவணை பாக்கி என்றும் சொன்னார். சில்லறை எண்ணுவதை அவர் நிறுத்தவே இல்லை.

இது ஒருவருடைய கெட்ட நேரம் என்று நினைக்காதீர்கள். நாட்டின் கணக்கைப் பாருங்கள். ஹீரோ எலெக்ட்ரிக் என்ற கம்பெனி 2021-22 நிதியாண்டில் மின்சார ஸ்கூட்டர் விற்பனையில் இந்தியாவிலேயே முதலிடத்தில் இருந்தது. 2024 டிசம்பரில் அதே கம்பெனி மீது திவால் நடவடிக்கை தொடங்க டெல்லியில் உள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அனுமதி கொடுத்தது. டயர் சப்ளை செய்தவர்கள் தங்கள் பாக்கிக்காகப் போட்ட வழக்கு அது. முதலிடத்திலிருந்து திவால் வழக்குக்கு வர மூன்று வருடம்கூட ஆகவில்லை. 'நாட்டின் நம்பர் ஒன்' என்ற போர்டைப் பார்த்து வாங்கியவர்கள்தான் அந்த வாடிக்கையாளர்களில் பலரும்.

முதலிடக் கம்பெனி ஏன் அப்படிச் சரிந்தது? இதில்தான் நீதி நியாயப் பிரச்சினையும் வியாபாரப் பிரச்சினையும் ஒன்றாகச் சேர்கின்றன. 2019 ஏப்ரலில் மத்திய அரசு ஃபேம்-2 என்ற மானியத் திட்டத்தை 10,000 கோடி ரூபாய் ஒதுக்கித் தொடங்கியது. 2021 ஜூனிலிருந்து 2023 மே வரை இருசக்கர வண்டிகளுக்கு ஒரு யூனிட் பேட்டரித் திறனுக்கு 15,000 ரூபாய், வண்டி விலையில் 40 சதவீதம் வரை மானியம். மூன்று யூனிட் பேட்டரி என்றால் 45,000 ரூபாய். நம் வரிப்பணம். அதற்கு நிபந்தனை, குறிப்பிட்ட பாகங்களை உள்நாட்டிலேயே செய்திருக்க வேண்டும். சில கம்பெனிகள் அந்தப் பாகங்களை இறக்குமதி செய்துவிட்டு, உள்நாட்டுத் தயாரிப்பு என்று காட்டி மானியம் வாங்கியதாகப் புகார் எழுந்தது. கனரகத் தொழில் அமைச்சகம் விசாரித்தது. 2023 ஜூலையில் ஏழு கம்பெனிகளிடம் 469 கோடி ரூபாயைத் திருப்பிக் கட்டச் சொன்னது: ஹீரோ எலெக்ட்ரிக், ஒகினாவா, ஆம்பியர், ரிவோல்ட், பென்லிங், ஏ.எம்.ஓ., லோஹியா. இவற்றில் ஆம்பியர் நம் கோயம்புத்தூரில் பிறந்த பெயர். பின்னால் கிரீவ்ஸ் கைக்குப் போய் ராணிப்பேட்டையில் தயாராகிறது. அது உட்படச் சில கம்பெனிகள் பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தன. மற்ற சில தட்டுத்தடுமாறின. 2024-ல் ஹீரோ எலெக்ட்ரிக், ஒகினாவா, பென்லிங் மூன்றின் இடங்களிலும் தீவிர மோசடிப் புலனாய்வு அலுவலகம் சோதனை நடத்தியது. முறைகேடாகப் பெற்றதாகச் சொல்லப்பட்ட மானியம் 297 கோடி ரூபாய்.

இதனால் வண்டி வாங்கியவருக்கு என்ன என்று கேட்கலாம். மானியம் நின்றதும் ஸ்கூட்டர் விலை ஏறுகிறது, விற்பனை படுக்கிறது, டீலருக்கு ஸ்பேர் வருவதில்லை, சர்வீஸ் சென்டரில் சம்பளம் நிற்கிறது, கடைசியில் ஷட்டர் இறங்குகிறது. எங்கோ கணக்கைத் திரித்த பாவம், ஒன்றும் அறியாத அல்லிநகரத்து மளிகைக் கடைக்காரர் தலையில் விடிகிறது.

பெரிய கம்பெனிகளும் இதில் சுத்தமாக நிற்கவில்லை. மானியம் பெற வண்டியின் தொழிற்சாலை விலை ஒன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஃபேம்-2 விதியாக இருந்தது. அந்த வரம்புக்குள் காட்டுவதற்காக சார்ஜரைத் தனியாக, சாஃப்ட்வேரைத் தனியாக பில் போட்டார்கள். சார்ஜர் இல்லாமல் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விவகாரம் வெளியானதும் 2023 மே மாதம் ஓலா, ஏதர், டிவிஎஸ், ஹீரோ மோட்டோகார்ப்பின் விடா நான்கும் சார்ஜர் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. ஓலாவின் பங்கு மட்டும் சுமார் 130 கோடி ரூபாய். அந்தக் காலத்தில் இந்த வண்டிகளை வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். சார்ஜர் தொகை உங்கள் கணக்குக்கு வந்துவிட்டதா என்று சரிபாருங்கள்.

ஓலாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் மாநிலத்தில் தயாராகும் வண்டி. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் 500 ஏக்கர், 2,400 கோடி ரூபாய் முதலீடு, வருடத்துக்கு ஒரு கோடி ஸ்கூட்டர், 10,000 பெண்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலை என்று 2020-21-ல் அறிவித்தபோது நானும் பெருமைப்பட்டேன். கிராமத்துப் பெண்கள் அசெம்பிளி லைனில் நிற்பது சாதாரண விஷயமா? ஆனால் 2024-25 நிதியாண்டில் கம்பெனி விற்றது சுமார் 3.59 லட்சம் வண்டி. ஒரு கோடிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! வண்டிகள் ரோட்டுக்கு வந்த வேகத்துக்கு சர்வீஸ் சென்டர்கள் வரவில்லை. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு இந்த ஒரு கம்பெனியைப் பற்றி மட்டும் வந்த புகார் 10,644. அதை வைத்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நோட்டீஸ் அனுப்பியது. 99 சதவீதத்துக்கு மேல் தீர்த்துவிட்டோம் என்றது கம்பெனி. ஆணையம் அதோடு விடாமல் மேல்விசாரணைக்கு உத்தரவிட்டது.

2025 பிப்ரவரியில் இன்னொரு கூத்து. அந்த மாதம் 25,000 வண்டிக்கு மேல் விற்றதாகக் கம்பெனி அறிவித்தது. அரசின் 'வாகன்' தளத்தில் பதிவானதோ சுமார் 8,600. பதிவு வேலை செய்யும் ஏஜென்சிகளோடு ஒப்பந்தம் மாறியதால் தாமதம் என்று விளக்கம் சொன்னார்கள். இன்னும் டெலிவரியே தொடங்காத மாடல்களின் முன்பதிவும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தது என்று பிறகு செய்தி வந்தது. வர்த்தகச் சான்றிதழ் இல்லாமல் ஷோரூம் நடத்தியதாக மகாராஷ்டிரப் போக்குவரத்து அதிகாரிகள் அடுத்த மாதமே சோதனை நடத்தி வண்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். விற்ற வண்டி எத்தனை என்ற எளிய கணக்கிலேயே சந்தேகம் வரும்படி நடந்துகொண்டால், ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதை எப்படி நம்புவது?

வயிற்றெரிச்சல் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதற்கு ஆம்பூரே சாட்சி. 2022 ஏப்ரலில் ஒருவர் தன் ஓலா ஸ்கூட்டர் வழியிலேயே நின்றுபோக, கேட்டும் உதவி கிடைக்காமல், நடுரோட்டில் அதன் மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார். 2024 செப்டம்பரில் கர்நாடகத்தின் கலபுரகியில், வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வண்டிக்குத் தீர்வு கிடைக்காத இளைஞர் ஷோரூமுக்கே தீ வைத்துக் கைதானார். யாரும் இப்படிச் செய்துவிடாதீர்கள். ஷோரூமில் நிற்பவனும் நம்மைப் போல மாதச் சம்பளக்காரன்தான்; அவன் சட்டையைப் பிடித்தால் கம்பெனிக்கு வலிக்காது. வலிக்கிற இடம் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தீ என்றதும், நாமாக வைக்காத தீயை நினைத்தால் இன்னும் நடுக்கமாக இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஒகினாவா ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் 13 வயது மகளும் இறந்துபோனார்கள். சார்ஜ் செய்ததில் கவனக்குறைவு என்றது கம்பெனி. அதே நாட்களில் மணப்பாறையில் ஒரு வண்டி, சென்னை மாத்தூர் அருகே ஒரு வண்டி, புனேயில் ஒரு வண்டி. ஏப்ரலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் ஒரு முதியவர், விஜயவாடாவில் ஒரு குடும்பத் தலைவர் என்று உயிர்கள் போயின. அந்த ஏப்ரலில்தான் ஒகினாவா 3,215 வண்டி, ப்யூர் இ.வி. 2,000 வண்டி, ஓலா 1,441 வண்டி என்று திரும்ப அழைத்தன. பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளை அரசு இறுக்கியது. 2022 டிசம்பரில் ஒரு கட்டம், 2023 மார்ச் 31-ல் அடுத்த கட்டம். ஆகவே அந்தத் தேதிக்கு முன் தயாரான வண்டி 'ஷோரூம் பீஸ், பாதி விலை' என்று உங்கள் தலையில் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். தயாரித்த மாதமும் வருடமும் ஆர்.சி.யிலேயே இருக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கம் ஓட்டு வீடுகளும் குறுகிய நடைகளும் அதிகம். வாசலை அடைத்தாற்போல் வண்டியை நிறுத்தி ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு உள்ளே தூங்காதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற அந்த ஒரு வாசல்தான் இருக்கும். மலையேறி இறங்கி வந்த சூட்டோடு உடனே சார்ஜ் போடாதீர்கள். பழைய பிளக்கில் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு இழுக்காமல், எர்த் உள்ள தனி லைன் ஒன்றை எலெக்ட்ரீசியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் தீயின் புகை விஷம். வேலூரில் உயிரைக் கொண்டுபோனது அந்தப் புகைதான்.

மலை என்றேன் அல்லவா. நம் ஊருக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது, எந்த விளம்பரமும் அதைச் சொல்லாது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறினால் உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கூடுகிறது, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஸ்கூட்டரும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் முக்கால் யூனிட்டுக்கு நெருக்கமாகச் செலவாகும். மோட்டாரில் வீணாவது, ரோட்டின் உராய்வு எல்லாம் தனி. மூன்று யூனிட் பேட்டரி என்றால் நான்கில் ஒரு பங்கு, ஏற்றத்துக்கு மட்டுமே போய்விட்டது. கம்பெனி சொல்லும் கிலோமீட்டர், சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது. ஏலத்தோட்டத்துக்குத் தினமும் ஏறி இறங்குகிற கங்காணிகளும் கணக்குப்பிள்ளைகளும், குமுளிக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர்களும், டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. "லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு இரண்டு பேராக ஏறிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மறுக்கிற டீலர் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டார்.

அதைவிட ஆபத்தான ஒன்று நம் தெருக்களில் தாராளமாக ஓடுகிறது. "லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம், பிள்ளைகளும் ஓட்டலாம்" என்று நோட்டீஸ் அடித்து விற்கும் ஸ்கூட்டர்கள். சட்டப்படி மோட்டார் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால்தான் அந்தச் சலுகை. கடையிலேயே ஒரு வயரைக் கழற்றியோ செட்டிங்கை மாற்றியோ 40, 45-ல் ஓடும்படி செய்து கொடுக்கிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து அது பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். பத்தாம் வகுப்புப் பையன் அதை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போகும்போது யார் மீதாவது மோதிவிட்டால், நஷ்ட ஈட்டுக்கு எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் வராது. வீட்டையோ தோட்டத்தையோ விற்றுத்தான் கட்ட வேண்டும். பெற்றோர்களே, இந்த ஒன்றிலாவது கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

கார் வாங்குகிறவர்களுக்குக் கண்ணி வேறு மாதிரி. 2024 செப்டம்பரில் எம்.ஜி. விண்ட்சர் 9.99 லட்சம் என்று அறிமுகமானது. அந்த விலையில் பேட்டரி சேரவில்லை. பேட்டரிக்கு அப்போது கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. இது ஏமாற்று அல்ல, வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் படிக்கிறவர்கள் அதிகம். தேனியிலிருந்து மதுரைக்கு வாரம் இரண்டு தடவை போய்வந்தால் மாதம் 1,200 கிலோமீட்டர். அந்தக் கட்டணத்தில் பேட்டரி வாடகை மட்டும் 4,200 ரூபாய், கார் தவணை தனி, சார்ஜ் செலவு தனி. பெட்ரோல் காரோடு ஒப்பிடும்போது இந்த மூன்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். அதேபோல 'வாழ்நாள் பேட்டரி வாரன்டி' என்று சில கம்பெனிகள் கொடுப்பது முதல் உரிமையாளருக்கு மட்டும். நீங்கள் விற்கப் போகும்போது வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார். விலை அங்கே விழும். எட்டு வருட வாரன்டி என்றாலும், பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்று வாரன்டிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். விரல் வைத்து அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

கம்பெனி மூடினால் காரும் தப்பாது. அமெரிக்காவின் ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவாலானது. பெரும் விலை கொடுத்து 'ஓஷன்' கார் வாங்கிய ஆயிரக்கணக்கானவர்கள், சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கும் சாவிக்கும்கூட வழியில்லாமல், தாங்களே சங்கம் சேர்ந்து ஸ்பேர் தேட வேண்டியதாயிற்று. நிகோலா என்ற லாரிக் கம்பெனி, தானாக ஓடாத லாரியை இறக்கமான ரோட்டில் உருட்டிவிட்டு, ஓடுவதுபோல் வீடியோ எடுத்து முதலீட்டாளர்களுக்குக் காட்டியது. அதன் நிறுவனர் 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. கம்பெனி 2025 பிப்ரவரியில் திவால். சீனாவிலும் டபிள்யூ.எம். மோட்டார் 2023-ல் படுத்துவிட்டது. அமெரிக்கா, சீனா பெயரைச் சொல்லி யாராவது உங்களைச் சமாதானப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறந்தபோதும் நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதும் சர்வீஸ் பக்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

வண்டி வாங்காமல் பங்கு வாங்குகிறவர்களும், டீலர்ஷிப் எடுக்க நினைக்கிறவர்களும் இப்போது நம் ஊரில் பெருகிவிட்டார்கள். ஓலா எலெக்ட்ரிக் பங்கு 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு வெளிவந்தது. அதே மாதம் 150-ஐத் தாண்டியது. 2025-ல் 50-க்கும் கீழே போனது. உச்சத்தில் வாங்கியவர்கள் போட்டதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழந்தார்கள். ஜென்சால் என்ற கம்பெனியின் கதை இதைவிட மோசம். மின்சாரக் கார்கள் வாங்கி ப்ளூஸ்மார்ட் டாக்ஸிக்கு விடுவதாகச் சொல்லி, அரசு நிதி நிறுவனங்களில் கடன் எடுத்தார்கள். 6,400 கார் வாங்க 663.89 கோடி ரூபாய் வாங்கிவிட்டு 4,704 கார்தான் வாங்கினார்கள் என்றும், பணத்தின் ஒரு பகுதி குருகிராமில் சொகுசு ஃபிளாட் வாங்கப் போனது என்றும் 2025 ஏப்ரல் 15 அன்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தன் இடைக்கால உத்தரவில் சொன்னது. மின்சார வண்டித் தொழிற்சாலை என்று காட்டிய புனே ஆலைக்குப் பங்குச்சந்தை அதிகாரி நேரில் போனபோது அங்கே இருந்தது இரண்டு மூன்று கூலியாட்கள். அந்தப் பங்கை வைத்திருந்த சில்லறை முதலீட்டாளர்கள் லட்சத்துக்கும் மேல். யூடியூபில் யாரோ சொன்னார் என்று வாங்கியவர்கள்தான் பெரும்பாலோர் என்பது என் எண்ணம்.

டீலர்ஷிப்புக்கு வருகிறேன். திராட்சையில் நஷ்டம், வாழையில் நஷ்டம், ஏலக்காய் விலை இறங்கிவிட்டது என்று தொழில் மாற நினைக்கும் விவசாய வீட்டுப் பிள்ளைகளைக் குறிவைத்தே விளம்பரங்கள் வருகின்றன. டெபாசிட் கட்டு, ஷோரூம் போடு, மாதம் இவ்வளவு லாபம் என்பார்கள். நிலத்தை அடகு வைத்து எடுத்த பிறகு ஸ்பேரும் வராது, டெபாசிட்டும் திரும்பாது. உள்ளூர்க்காரனாக இருப்பதால் வாடிக்கையாளர்களின் வசவை மட்டும் நேரில் வாங்க வேண்டும். சில விளம்பரங்களுக்குப் பின்னால் கம்பெனியே இருக்காது. ஓலா பெயரில் போலி இணையதளம் நடத்தி ஆயிரம் பேருக்கு மேல் ஏமாற்றிய கும்பலை 2022 நவம்பரில் டெல்லி போலீஸ் பிடித்தது. தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்கோ ஜி.பே எண்ணுக்கோ ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பல பேட்டரிகளில் கோபால்ட் என்ற உலோகம் சேர்கிறது. உலகத்தின் கோபால்ட்டில் சுமார் 70 சதவீதம் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே சிறு சுரங்கங்களில் பிள்ளைகளும் மண் தோண்டுவதை 2016-லேயே ஆம்னஸ்டி அமைப்பு அறிக்கையாக வெளியிட்டது. பிரேசிலில் சீனாவின் பி.ஒய்.டி. கார் ஆலை கட்டுமான இடத்தில் 163 சீனத் தொழிலாளர்கள் அடிமைகள்போல வைக்கப்பட்டிருந்ததை 2024 டிசம்பரில் அந்நாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். விடியும் முன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்களின் பாட்டைத் தினம் பார்க்கும் ஊர் நம்முடையது. யாரோ ஒருவரின் பாடு நமக்கு வெறும் செய்தியாக இருந்துவிட முடியாது. எல்.எஃப்.பி. வகை பேட்டரியில் கோபால்ட் கிடையாது. சூட்டையும் அது நன்றாகத் தாங்கும். "பேட்டரி எந்த வகை?" என்று கேட்பது, நம் பாதுகாப்புக்கும் மனசாட்சிக்கும் சேர்த்துக் கேட்கும் கேள்வி.

முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. வாகன் தளத்தை யார் வேண்டுமானாலும் செல்போனில் திறக்கலாம். அந்தக் கம்பெனியின் வண்டி கடந்த ஒரு வருடமாக மாதம் எத்தனை பதிவாகிறது, கூடுகிறதா, குறைகிறதா என்று பாருங்கள்; மாதாமாதம் சரிந்துகொண்டே போனால் ஒதுங்கிவிடுங்கள். அடுத்து, ஷோரூமுக்குப் போகாமல் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வளாகத்தில் தூசி படிந்து நிற்கும் வண்டிகளை எண்ணுங்கள், அங்கே காத்திருக்கும் வாடிக்கையாளரிடம் "எத்தனை நாளாச்சுண்ணே?" என்று கேளுங்கள். விற்பனையாளர் சொல்லாததை அவர் சொல்லுவார். தேனியில் சர்வீஸ் இல்லை, மதுரைக்குத்தான் போக வேண்டும் என்றால், 75 கிலோமீட்டர் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். பில்லில் பேட்டரி சீரியல் எண், சார்ஜர் எண், மோட்டார் எண் மூன்றும் இருக்க வேண்டும். வாயால் சொன்ன வாக்குறுதியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஆர்.சி.யும் நம்பர் பிளேட்டும் வராமல் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.

கம்பெனிக்கு வலிக்கிற இடம் நுகர்வோர் ஆணையம்தான். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், வண்டி நின்றுபோன தேதியைக் காலண்டரில் பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, தயாரித்தவரையும் விற்றவரையும் சேர்த்து வழக்குப் போடலாம். வண்டிக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து புகாரைப் பதிந்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓலாவை நோட்டீஸ் வரைக்கும் கொண்டுபோன அந்த 10,644 புகாரும் இந்த உதவி மையத்தில் பதிந்தவைதான். இரண்டு வருடக் கெடு முடியப்போகிறவர்கள் அடுத்த வாரம் என்று தள்ளாமல், பில், ஆர்.சி., சர்வீஸ் ரசீது, வாட்ஸ்அப் பதில்கள் எல்லாவற்றையும் இன்றே ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள்.